கழுகை வைத்து நரி பிடிக்கும் கசாக் முறை: குஞ்சு எடுப்பதிலிருந்து விடுதலை வரை முழுமையான வழிகாட்டி

கனத்த மேலங்கி, நரித்தோல் தொப்பி, குட்டையான குதிரை, கையில் சிறகு விரித்த கழுகு. கசாக் வேட்டைக்காரர்களின் இந்தப் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்தில் தெரியாத பகுதியைப் பற்றித்தான் இந்த வழிகாட்டி. பனியில் ஓடும் நரி மேல் கழுகு இறங்குவதெல்லாம் சில நிமிட வேலை. அதற்காகப் பல வாரங்கள் கறியைத் தண்ணீரில் அலசி, ராத்திரி கண் விழித்து, பறவையின் நெஞ்செலும்பைத் தடவித் தடவிப் பார்த்து ஒரு மனிதர் உழைக்கிறார். என் பார்வையில் கழுகு வேட்டை என்பது பசியை அளந்து வைக்கும் வித்தை. கழுகுக்கு எவ்வளவு பசி இருக்க வேண்டும், எந்த நாளில் இருக்க வேண்டும் என்று சரியாகக் கணிக்கத் தெரிந்தவரைத்தான் அங்கே நல்ல வேட்டைக்காரர் என்கிறார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கழுகு, பருந்து, வல்லூறு எதையும் பிடிக்கவோ வளர்க்கவோ கூடாது. ஆகவே இங்கே முயன்று பார்ப்பதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் அதை எப்படிச் செய்கிறார்கள் என்று படிப்படியாகப் புரிந்துகொள்ளவும், ஒருநாள் அங்கே போனால் எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்து பார்க்கவும்தான்.

எங்கே, யார்

கசாக் மக்களின் வழக்கம் என்பதால் கசாக்ஸ்தானில்தான் இது அதிகம் என்று தோன்றும். ஆனால் இன்று இந்த வேட்டை மிக உயிர்ப்போடு நடப்பது மங்கோலியாவின் மேற்குக் கோடியில், அல்தாய் மலைகளுக்கு நடுவே இருக்கும் பயான் உல்கி மாகாணத்தில். அங்கே பெரும்பாலோர் கசாக் மக்கள். வீட்டில் பேசுவது கசாக் மொழி. பிழைப்பு ஆடு, மாடு, குதிரை மேய்ப்பது. இவர்களின் முன்னோர்கள் 19ஆம் நூற்றாண்டில் மேய்ச்சல் நிலம் தேடி மலைகளைக் கடந்து வந்தவர்கள். சோவியத் ஆட்சியில் இருந்த கசாக்ஸ்தானிலோ கூட்டுப்பண்ணைக்கென்று மந்தைகளைப் பறித்தார்கள். 1930 முதல் 1933 வரையான பஞ்சத்தில் சுமார் 15 லட்சம் பேர் இறந்தார்கள். மந்தையும் குதிரையும் போன பிறகு கழுகை யார் வளர்ப்பது? மலைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்ட குடும்பங்களிடம் வழக்கம் அறுபடாமல் தங்கியது.

கசாக்ஸ்தான் 1991இல் தனி நாடான பிறகு அங்கேயும் இதை மறுபடி எடுத்து வளர்க்கிறார்கள். அல்மாட்டிக்குக் கிழக்கே நூரா என்ற கிராமம் இதற்குப் பெயர் பெற்றது. கிர்கிஸ்தானிலும், சீனாவின் சின்ஜியாங்கில் வாழும் கசாக், கிர்கிஸ் மக்களிடமும் இந்த வழக்கம் உண்டு. வேட்டைப் பறவை வளர்ப்பை யுனெஸ்கோ 2010இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தபோது மங்கோலியா அதில் இருந்தது. கசாக்ஸ்தான் 2016இல் சேர்ந்தது.

கழுகை அவர்கள் புர்கித் என்கிறார்கள், அதை வைத்து வேட்டையாடுபவரைப் புர்கித்ஷி என்கிறார்கள். அப்பாவிடமிருந்து மகனுக்கு வருவதுதான் பொதுவான வழி. பெண்கள் அதிகம் இல்லை. ஆனால் இல்லாமலும் இல்லை. 2014இல் பயான் உல்கியின் தலைநகரான உல்கியில் நடந்த கழுகுத் திருவிழாவில் வென்றவர் ஆய்ஷோல்பான் என்ற 13 வயதுச் சிறுமி. கசாக்ஸ்தானில் மக்பால் அப்த்ரசகோவா என்ற பெண் அதற்கு முன்பிருந்தே போட்டிகளில் கழுகோடு நின்றவர்.

படி 1: எந்தப் பறவை

பொன்னிறக் கழுகுதான் அந்தப் பறவை. வளர்ந்த பறவையின் பிடரியில் இருக்கும் பொன்னிறச் சாயலால் இந்தப் பெயர். சிறகை விரித்தால் 2 மீட்டருக்கும் மேல் அகலம். வேட்டைக்கு எடுப்பது பெரும்பாலும் பெண் பறவையைத்தான். இந்த இனத்தில் பெண்தான் பெரிது. ஆண் பறவை 3 முதல் 4 கிலோ இருந்தால் பெண் 5 கிலோவைத் தாண்டும், 6 கிலோவைத் தொடுவதும் உண்டு. நரியோடு கட்டிப் புரள அந்த எடையும் காலின் வலுவும் வேண்டும்.

இளம் பறவையை அடையாளம் காண்பது எளிது. வாலின் அடியிலும் சிறகின் நடுவிலும் வெள்ளைத் திட்டுகள் இருக்கும். வயது ஏற ஏற அவை மறையும். வேட்டைக்காரர்கள் இதை வைத்துத்தான் தூரத்திலிருந்தே வயதைக் கணிக்கிறார்கள். ஒவ்வொரு வயதுக்கும் கசாக் மொழியில் தனிப்பெயர் இருக்கிறது. முதல் வயதுக் குஞ்சுக்குப் பலாபான் என்று பெயர்.

படி 2: பறவையைப் பெறுவது

இரண்டு வழிகள் உண்டு. எந்த வழியில் வந்தது என்பது அந்தப் பறவையின் குணத்தையே மாற்றிவிடும்.

முதல் வழி, கூட்டிலிருந்து குஞ்சை எடுப்பது. பொன்னிறக் கழுகு எட்ட முடியாத பாறை முகப்பில் கூடு கட்டும், பெரும்பாலும் இரண்டு முட்டை இடும். கோடையில் குஞ்சுக்கு இறகு முளைத்து, ஆனால் பறக்கத் தொடங்காத நேரத்தில் கயிறு கட்டி இறங்குவார்கள். ஒரே குஞ்சு இருந்தால் அதை விட்டுவிட வேண்டும் என்பது பல பெரியவர்கள் சொல்லும் ஒழுங்கு. இப்படி வளர்ந்த பறவை மனிதரோடு சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும், எளிதில் ஓடிப்போகாது. ஆனால் தாய்க் கழுகிடம் வேட்டை கற்காதது அதன் குறை. பசித்தால் குஞ்சு போலவே கத்திக்கொண்டே இருக்கும். நரியைக் கண்டால் என்ன செய்வது என்று தெரியாமல் தயங்கும்.

இரண்டாம் வழி, ஏற்கெனவே தானாக வேட்டையாடும் இளம் கழுகை வலையில் பிடிப்பது. இரையைக் கட்டி வைத்து, அதைச் சுற்றி மெல்லிய வலையைக் கம்புகளில் நிறுத்துவார்கள். கழுகு இரை மேல் இறங்கும் வேகத்தில் வலை அதன் மேல் விழும். இந்தப் பறவைக்கு வேட்டை தெரியும், துணிச்சல் இருக்கும். மனிதரை நம்ப வைப்பதுதான் பெரும்பாடு. அனுபவம் உள்ளவர்கள் வலையில் விழுந்த பறவையையே விரும்புவார்கள். வேட்டையைச் சொல்லிக் கொடுப்பதைவிட நம்பிக்கையைச் சம்பாதிப்பது மேல் என்பது அவர்கள் கணக்கு. யோசித்தால் எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

படி 3: கருவிகள்

கடையில் வாங்கும் பொருள் இதில் குறைவு. தோல், மரம், கம்பளி மூன்றும் வீட்டிலேயே இருக்கின்றன.

மிக முக்கியமானது தோமாகா, கழுகின் கண்ணை மூடும் தோல் தொப்பி. அலகும் மூக்குத் துளையும் வெளியே இருக்கும். கண் முழுக்க மறைந்துவிடும். கழுகு எல்லாவற்றுக்கும் கண்ணை நம்பி வாழ்கிற பறவை. கண் மூடினால் அமைதியாகிவிடும். குதிரைப் பயணத்தில் மிரளாமல் இருப்பதற்கும், வழியில் தெரியும் ஆட்டுக்குட்டி மேல் பாயாமல் இருப்பதற்கும் இதுதான் காவல். அளவு சரியில்லாத தோமாகா அலகின் ஓரத்தைத் தேய்த்துப் புண்ணாக்கும், கண்ணில் அழுத்தும். தலைக்கேற்ற தோமாகா தைக்கத் தெரிந்தவருக்கு அந்தப் பக்கத்தில் தனி மதிப்பு.

அடுத்து அயாக்பாவ், கழுகின் இரண்டு காலிலும் கட்டும் மென்தோல் வார். கையுறையின் பெயர் பியலாய்; முழங்கை வரை வரும் தடித்த தோல். கழுகின் பின்விரல் நகம் சாதாரணத் தோலைத் துளைத்துவிடும் என்பதால் இதில் சிக்கனம் பார்க்க முடியாது. கழுகு வலக்கையில், கடிவாளம் இடக்கையில்.

ஆறு கிலோ பறவையை நீட்டிய கையில் நாள் முழுதும் தாங்க யாராலும் முடியாது. அதற்காகவே பல்தாக் இருக்கிறது. மேல்முனை கவைபோல் பிரிந்த மரக்கட்டை அது. கீழ்முனை சேணத்தோடு இணைந்திருக்கும், கவையில் மணிக்கட்டை வைத்துக்கொள்ளலாம். பார்வைக்குச் சின்னப் பொருள். இது இல்லாவிட்டால் குதிரை மேல் கழுகு வேட்டையே இல்லை. வீட்டில் கழுகு உட்காரும் மரத்தாங்கிக்குத் துகிர் என்று பெயர். இவை தவிர கறி வைக்கும் பை, மரக்கிண்ணம், பயிற்சிக்கான நீளக் கயிறு, நரித்தோல் பொம்மை.

குதிரையையும் கருவிகளோடு சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். பக்கத்தில் இரண்டு மீட்டர் சிறகு படபடத்தால் பழகாத குதிரை ஆளைத் தள்ளிவிட்டு ஓடும். செங்குத்தான கல்சரிவில் பாய்ந்து இறங்கவும் அதற்குத் தைரியம் வேண்டும். கழுகைப் பழக்கும்போதே குதிரையையும் கழுகுக்குப் பழக்குகிறார்கள்.

படி 4: கைக்குப் பழக்குவது

மனதுக்குக் கடினமான படி இதுதான். வலையில் பிடித்த பறவைக்குத் தோமாகா போட்டு, இர்காக் என்கிற ஊசலாடும் தாங்கியில் உட்கார வைப்பார்கள். தாங்கி ஆட ஆட, விழாமல் இருக்கக் கழுகு சிறகை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தூக்கம் கிடையாது. இப்படிச் சில இரவும் பகலும். முரட்டுத்தனம் ஓய்ந்து, தாங்க ஒரு கை கிடைத்தால் போதும் என்ற நிலைக்குப் பறவை வரும். அந்த நேரத்தில் கை கொடுப்பவர்தான் அதற்குச் சொந்தக்காரர்.

இது கொடுமை என்று தோன்றினால் அதில் தவறில்லை, எனக்கும் தோன்றியது. வேறு நாட்டு வேட்டைப் பறவை வளர்ப்பவர்கள் பலர் தூக்கம் கெடுக்காமல், கறியை மட்டும் வைத்துப் பழக்குகிறார்கள். ஆனால் இதில் மனிதரும் தூங்குவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பறவையின் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டும் பாடிக்கொண்டும் முதுகை மெல்லத் தடவிக்கொண்டும் விடிய விடிய விழித்திருப்பார். அவர் குரல் அதன் காதில் பதிய வேண்டும். வீட்டில் குழந்தைகள் ஓடும், நாய் குரைக்கும், அடுப்பு புகையும். எல்லாச் சத்தத்துக்கும் கழுகு பழகும்.

முதல் வெற்றி, கையுறையில் உட்கார்ந்தபடி கழுகு கறி தின்பது. பகைவன் பக்கத்தில் இருக்கும்போது எந்தக் காட்டுப் பறவையும் தலையைக் குனிந்து தின்னாது. குனிந்து தின்றுவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இந்த நாளிலிருந்து ஒருவர் கையாலேயே உணவு. ஆளாளுக்கு ஊட்டினால் பறவைக்கு யார் சொந்தம் என்று தெரியாமல் போகும்.

படி 5: கூப்பிட்டால் வருவது

முதலில் வீட்டுக்குள். துகிரில் கழுகு, ஓரடி தள்ளிக் கையுறையில் கறி. தாவி வந்தால் கறி. அப்புறம் தூரத்தைக் கூட்டுவார்கள். வெளியே போகும்போது காலில் ஷிஜிம் என்கிற நீளக் கயிறு இருக்கும். தினமும் ஒரே குரல், ஒரே அழைப்பு. கயிறோடு தயங்காமல் வரத் தொடங்கிய பிறகுதான் கயிறில்லாமல் விடுவார்கள். அந்த முதல் நாள் எந்த வேட்டைக்காரருக்கும் நெஞ்சு படபடக்கும். கழுகு திரும்பாமல் போக முடிவு செய்தால் தடுக்க வழியே இல்லை. கடைசியாகக் குதிரை மேலிருந்து கூப்பிடுவது. மலை உச்சியில் ஒருவர் கழுகோடு நிற்க, அடிவாரத்தில் சொந்தக்காரர் குதிரையில் நின்று கத்துவார். திருவிழாவில் போட்டியாக வைப்பதும் இதைத்தான்.

படி 6: நரி இதுதான் என்று காட்டுவது

நரித்தோலுக்குள் வைக்கோல் திணித்து, கண்ணும் முகமும் இருக்கும் இடத்தில் கறியைக் கட்டுவார்கள். இதற்கு ஷிர்கா என்று பெயர். கயிற்றில் கட்டி முதலில் ஆள் இழுப்பார், பிறகு குதிரை. கழுகு அதன் மேல் பாய்ந்து பிடித்தால் அந்தக் கறி அதற்கு. கறியை முகத்தில் கட்டுவதில் காரணம் இருக்கிறது. நரியின் ஆயுதம் பல். முதுகை மட்டும் பிடித்தால் திரும்பிக் காலைக் கடித்துவிடும்; கடிபட்ட விரல் என்றால் அந்தப் பறவையின் வேட்டையே முடிந்துபோகலாம். ஆகவே முகத்தைப் பிடித்தால்தான் சோறு என்பதை வைக்கோல் நரியிடமே கழுகு கற்றுக்கொள்ள வேண்டும்.

படி 7: பாப், அதாவது பசியின் அளவு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். வேட்டைக்குக் கச்சிதமாகத் தயாராக இருக்கும் உடல்நிலையைக் கசாக் மக்கள் பாப் என்கிறார்கள். குதிரைப் பந்தயக் குதிரைக்கும் அதே சொல்தான்.

கோடை முழுக்கக் கொழுத்த கழுகை அப்படியே மலைக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? நரியைப் பார்க்கும், அசையாது. அல்லது பறந்து எதிர்ப்பாறையில் உட்கார்ந்து இறகைக் கோதிக்கொண்டிருக்கும், கூப்பிட்டால் வராது. வயிறு நிறைந்த கழுகுக்கு மனிதர் தேவையில்லை. மறுபக்கம், அளவுக்கு மீறிப் பட்டினி போட்டால் நரியை அடக்கும் பலம் இருக்காது, உறைபனியில் உடல்சூடும் நிற்காது. செத்தே போகலாம். கொழுப்புக் கரைந்திருக்க வேண்டும், தசை குறையக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது மிகக் குறுகலான இடம்.

அந்த இடத்துக்குக் கொண்டுவர அவர்களிடம் இருக்கும் முக்கியக் கருவி அக்ஜெம். சிவப்புக் கறியைத் துண்டு போட்டுத் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, மறுபடி ஊறவைத்து வெளுக்கும் வரை அலசிய கறி அது. வயிறு நிறையும், சத்து குறைவு. பறவை பட்டினி கிடக்காமலேயே எடை மெல்ல இறங்கும். எத்தனை முறை அலசுவது, ஒரு வேளைக்கு எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை நல்ல கறி கொடுப்பது என்பதெல்லாம் பறவைக்குப் பறவை மாறும். குளிர் கூடினால் கறியும் கூட வேண்டும்.

இன்னொன்று கோயா. கம்பளி, தோல் போன்றவற்றில் சிறு உருண்டை செய்து மாலையில் கறியோடு விழுங்க வைப்பார்கள். காட்டில் கழுகு இரையின் ரோமத்தையும் சேர்த்து விழுங்கி, செரிக்காததை உருண்டையாகக் கக்கும்; அதே இயல்பைப் பயன்படுத்தும் வழி இது. காலையில் கோயா வெளியே வரும்போது வயிற்றில் ஒட்டியிருந்த கோழையும் கொழுப்பும் சேர்ந்து வரும். வந்த உருண்டையை எடுத்து, நிறம் பார்த்து, முகர்ந்து பார்த்து உள்ளே எப்படி இருக்கிறது என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. கோயா வெளியே வராமல் வேட்டைக்குக் கிளம்ப மாட்டார்கள்.

எடை பார்க்கத் தராசு கிடையாது, விரல்தான். நெஞ்செலும்பின் இரண்டு பக்கமும் தசையை அழுத்திப் பார்ப்பார்கள். எலும்பு கத்தி முனைபோல் துருத்தினால் அதிகம் இளைத்துவிட்டது. எலும்பே தட்டுப்படாவிட்டால் இன்னும் கொழுப்பு இருக்கிறது. தொடையையும் சிறகின் அடியையும் தொட்டுப் பார்ப்பதும் உண்டு. எச்சத்தையும் கவனிப்பார்கள், வெள்ளையாகத் தெறித்தால் நல்லது, பச்சையாக இருந்தால் வயிறு வெறுமையாகக் கிடக்கிறது என்று பொருள். பார்வையும் சொல்லும்: தோமாகாவைக் கழற்றியதும் கழுகு நாலா பக்கமும் தலையைத் திருப்பித் தேடுகிறதா, சிறகைத் தளர்த்தி அலட்சியமாக இருக்கிறதா?

இந்த அறிவை எழுதி வைத்துச் சொல்லிக் கொடுப்பது கஷ்டம். கசாக் சிறுவர்கள் சின்ன வயதிலேயே கறி அலசும் வேலையில் இறங்குவதும், அப்பாவின் விரலுக்கு அடுத்துத் தங்கள் விரலை வைத்துத் தொட்டுப் பார்ப்பதும் இதனால்தான். ஒரு தலைமுறை இடைவெளி விட்டால் முதலில் தொலைவது இந்த விரல் அறிவுதான்.

படி 8: வேட்டை நாள்

வேட்டைக் காலம் அக்டோபர், நவம்பரில் தொடங்கிப் பிப்ரவரி, மார்ச் வரை. அந்த மாதங்களில் அல்தாயில் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி சாதாரணம். ஏன் இந்தக் குளிரில்? நரியின் ரோமம் அப்போதுதான் அடர்ந்து நன்றாக இருக்கும். வெள்ளைப் பனியில் செந்நரி பளிச்சென்று தெரியும். கால்தடமும் விழும். ராத்திரி பனி பொழிந்து விடியலில் வானம் தெளிந்த நாளைக் கான்சொனார் என்கிறார்கள். பழைய தடமெல்லாம் மூடிப்போய், அன்று காலை நரி நடந்த தடம் மட்டும் புதிதாகக் கிடக்கும். அந்த நாளுக்காகத்தான் கழுகின் பசியை அவ்வளவு நாளாகத் தயார் செய்கிறார்கள்.

தனியாகப் போவதில்லை. இரண்டு மூன்று பேர், சில நேரம் இன்னும் அதிகம். கிளம்புகிறவரிடம் "உன் கான்ஜிகாவில் கொழுப்பு ஒட்டட்டும்" என்று வாழ்த்துவார்கள். கான்ஜிகா என்பது பிடித்த இரையைக் கட்டும் சேண வார்.

கழுகு வைத்திருப்பவர் மலைமுகட்டுக்கு ஏறிவிடுவார். உயரம்தான் கழுகின் பலம். அவ்வளவு எடையை வைத்துக்கொண்டு மேல்நோக்கிப் பறந்து துரத்தினால் சீக்கிரம் களைத்துவிடும். மேலிருந்து சிறகை ஒடுக்கிப் பாய்ந்தாலோ வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும். கீழே பள்ளத்தில் இன்னொருவர் கல்லை உருட்டி, குதிரையைப் பாறைக்கும் புதருக்கும் நடுவே விரட்டி, சத்தம் போட்டு நரியைக் கிளப்புவார். இவருக்குக் காகுஷி என்று பெயர். படங்களில் இவர் வருவதே இல்லை. ஆனால் நரி எந்தப் பள்ளத்தில் படுத்திருக்கும், எந்த வழியாக ஓடும் என்று தெரிந்த காகுஷி இல்லாவிட்டால் மேலே கழுகோடு நிற்பவர் சும்மா நிற்க வேண்டியதுதான்.

நரி கிளம்பியதும் மேலே நிற்பவர் தோமாகாவைக் கழற்றுவார். பெரும்பாலும் மனிதக் கண்ணுக்கு முன்னால் கழுகின் கண்ணுக்குத்தான் நரி தெரியும். கழுத்து ஒரு திசையில் நீண்டு, கையுறையில் பிடி இறுகும். கையை உயர்த்தி விட வேண்டியதுதான். இங்கே அவசரப்படுவது பெரிய தவறு. நரி வளைக்குப் பக்கத்தில் இருந்தாலோ, காற்று தோதாக இல்லாவிட்டாலோ, தூரம் அதிகம் என்றாலோ விடாமல் பொறுக்க வேண்டும். இரண்டு மூன்று முறை வெறுங்காலோடு திரும்பிய கழுகு மனம் சோர்ந்துவிடும். அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுவது நல்லது.

கழுகு நெருங்கியதும் நரி பக்கவாட்டில் வெட்டித் திரும்பும், மல்லாந்து பல்லைக் காட்டும், பாறைச் சந்தில் நுழையப் பார்க்கும். நல்ல கழுகு ஒரு காலால் இடுப்பைப் பிடிக்கும். கடிக்க நரி தலையைத் திருப்பும் அந்த நொடியில் மறுகால் நரியின் வாயை மூடிப் பிடித்துவிடும். ஷிர்காவில் கற்ற பாடம் பயன்படும் இடம் இது. பிடி விழுந்த பிறகு நரி தப்புவது அரிது.

அதே நேரம் மேலே நின்றவர் சரிவில் குதிரையைப் பாயவிட்டு இறங்கிக்கொண்டிருப்பார். கல், பனிக்கட்டி, செங்குத்து. விழுந்து கை கால் ஒடிந்தவர்கள் உண்டு. ஆனால் தாமதித்தால் கழுகுக்குக் காயம் படலாம், தோல் கிழியலாம். வந்து சேர்ந்ததும் முதல் வேலை நரியைச் சீக்கிரம் கொன்று துன்பத்தை முடிப்பது.

முக்கிய இரை செந்நரி. அதைவிடச் சின்னதான கோர்சாக் நரி, முயல் ஆகியவையும் உண்டு. ஓநாயைக் கழுகு பிடிக்கும் கதைகள் நிறைய. நடந்ததுண்டு, ஆனால் அபூர்வம். கழுகின் உயிருக்கு ஆபத்தான ஆட்டம் அது. தன் பறவை மேல் அக்கறை உள்ளவர் அதைத் தேடிப் போக மாட்டார்.

படி 9: இரையை வாங்குவது, கொடுப்பது

பிடித்த நரியைக் கழுகிடமிருந்து இழுத்துப் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் அடுத்த முறை மனிதர் வருவதைப் பார்த்ததும் இரையோடு ஓடப் பார்க்கும். பையில் கொண்டுவந்த கறியை முன்னால் நீட்டி, நரியை மேலங்கியால் மறைத்து, கழுகு கறிக்குக் காலை மாற்றும்போது நரியை எடுத்துவிடுவார்கள். தான் எதையும் இழக்கவில்லை என்று கழுகு நினைக்க வேண்டும். புதுப் பறவையின் முதல் வேட்டை என்றால் அந்த இடத்திலேயே சூடான கறியைத் தின்ன விடுவார்கள். அந்தச் சுவை அதற்கு மறக்காது.

இங்கே எனக்கு மிகப் பிடித்த வழக்கம் ஒன்று இருக்கிறது. கூட வந்தவரோ வழியில் சந்தித்த பெரியவரோ சிரால்கி கேட்டால், வேட்டைக்காரர் பிடித்ததில் பங்கு கொடுக்க வேண்டும். முழு நரியையே கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறவர்களும் உண்டு. அதை நஷ்டமாக யாரும் எண்ணுவதில்லை. நரித்தோல் குளிர்காலத் தொப்பிக்கும் மேலங்கியின் உள்பக்கத்துக்கும் போகும். ஒரு காலத்தில் அது வீட்டுக்கு நல்ல வருமானமும்கூட.

படி 10: கோடை ஓய்வு

வசந்தத்தில் வேட்டை நிற்கும், இறகு உதிரத் தொடங்கும். இப்போது அலசல் கறி கிடையாது. கொழுப்புள்ள புதுக் கறி, வேண்டிய மட்டும். இறகு வளரும் காலத்தில் சத்துக் குறைந்தால் அந்த இறகில் பலவீனக் கோடு விழும், குளிர்காலத்தில் அதே இடத்தில் ஒடியும். நிழலும் தண்ணீரும் உள்ள இடத்தில் கட்டி வைத்து, தொந்தரவு செய்யாமல் விட்டுவிடுவார்கள். இலையுதிர் காலத்தில் புது இறகோடும் நிறையக் கொழுப்போடும் இருக்கும் பறவையை வைத்துக்கொண்டு ஏழாம் படியை மறுபடி தொடங்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் இப்படித்தான்.

படி 11: விடுதலை

கழுகைச் சாகும் வரை வைத்துக்கொள்வது வழக்கமில்லை. ஆறேழு வருஷமோ பத்து வருஷமோ வேட்டையாடிய பிறகு காட்டுக்கே விட்டுவிட வேண்டும் என்பது மரபு. பொன்னிறக் கழுகு நாலைந்து வயதில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகும். நல்ல நிலையில் 30 வயது வரைகூட வாழும். ஆகவே விடும்போது அதற்கு இணை தேடவும் கூடு கட்டவும் வயது மிச்சம் இருக்கும். மலையிலிருந்து எடுத்ததை மலைக்குத் திருப்பித் தர வேண்டும் என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள்.

விடுவதற்கு முன் நன்றாகக் கொழுக்க வைப்பார்கள். பசி இருந்தால் கை தேடித் திரும்பி வரும். வீட்டிலிருந்து வெகுதூரம் கொண்டுபோய், ஆடு ஒன்றை அறுத்து மலைமேல் வைத்து, தோமாகாவையும் கால் வாரையும் கழற்றிவிடுவார்கள். அப்படியும் சில பறவைகள் வீட்டைத் தேடி வந்துவிடும். இன்னும் தூரமாகக் கொண்டுபோய் விட வேண்டியிருக்கும். முரட்டு மனிதர்கள் அழுவது இந்த நாளில்தான். எல்லோரும் இந்த மரபைக் காப்பதில்லை, பறவையைப் பிறருக்குக் கைமாற்றி விடுவதும் நடக்கிறது. என்னைக் கேட்டால், விடுவிக்கும் பழக்கம் இருக்கும் வரைதான் குஞ்சு எடுப்பதற்கு நியாயம் இருக்கும்.

நேரில் பார்க்க விரும்பினால்

மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரிலிருந்து உல்கிக்கு உள்நாட்டு விமானம் உண்டு, ஏறக்குறைய மூன்று மணி நேரம். தரைவழி என்றால் 1,600 கிலோமீட்டருக்கும் மேல். அல்தாய் தவன் போக்த் தேசியப் பூங்காவின் எல்லைப் பகுதிகளுக்குப் போக வெளிநாட்டவருக்குத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். அதை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

போவதற்கு இரண்டு காலம். அக்டோபர் முதல் வார இறுதியில் உல்கிக்குப் பக்கத்தில் பெரிய கழுகுத் திருவிழா, 1999இலிருந்து நடக்கிறது. செப்டம்பரில் சக்சாய் என்ற ஊரில் சற்றுச் சிறியது. மலையிலிருந்து அழைப்பது, ஷிர்கா பிடிப்பது, சிறந்த உடை என்று போட்டிகள் இருக்கும். ஓடும் குதிரையிலிருந்து குனிந்து தரையில் கிடப்பதை எடுப்பது, ஆட்டுத் தோலுக்காகக் குதிரை மேல் மல்லுக்கட்டும் கோக்பார் எல்லாம் சேர்ந்து ஊரே களைகட்டும். பார்க்க வேண்டியதுதான். ஆனால் அங்கே நரி இல்லை, காகுஷி இல்லை, கான்சொனார் இல்லை. வேட்டையே பார்க்க வேண்டுமானால் குளிர்காலத்தில் போய், ஒரு குடும்பத்தோடு அவர்களுடைய குளிர்கால வீட்டில் தங்க வேண்டும். குதிரை ஏறத் தெரிந்திருக்க வேண்டும். பல நாள் போயும் ஒரு நரியும் கிடைக்காமல் திரும்ப மனம் தயாராக இருக்க வேண்டும்.

வீட்டுக்குள் போனால் உப்புப் போட்ட பால் தேநீரும், எண்ணெயில் பொரித்த மாவுப் பண்டமான பௌர்சாக்கும் வரும், மறுக்காதீர்கள். இறைச்சி சாப்பிடாதவர்கள் பயணத்துக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. அங்கே குளிர்காலச் சாப்பாடு என்றாலே கறிதான்.

கழுகுக்குப் பக்கத்தில் போகும்போது சொந்தக்காரர் சொல்லும் பக்கத்திலிருந்து மட்டும் போங்கள். பின்னாலிருந்து நெருங்காதீர்கள், கையை நீட்டாதீர்கள், கேமரா ஃபிளாஷ் வேண்டாம். தோமாகா இல்லாத கழுகு இருக்கும் இடத்தில் சின்னக் குழந்தைகளை விடவே கூடாது. கழுகு இரையின் மேல் இருக்கும்போது படம் எடுக்கக் குறுக்கே போனால் பறவைக்கும் உங்களுக்கும் கெடுதல்.

பறவையைக் கையில் வாங்கிப் படம் எடுக்கக் காசு கேட்பவர்கள் சுற்றுலா இடங்களில் இருப்பார்கள். கொடுப்பதற்கு முன் பறவையைப் பாருங்கள்: வால் இறகு முழுதாக இருக்கிறதா, கால் வாருக்கு அடியில் புண் இருக்கிறதா, தோமாகாவுக்குப் பக்கத்தில் தோல் உரிந்திருக்கிறதா. இந்தக் குளிர்காலம் இது என்ன பிடித்தது என்று கேளுங்கள். வேட்டைக்காரர் என்றால் பள்ளத்தாக்கின் பெயரிலிருந்து தொடங்கி முழுக் கதையும் சொல்லுவார். உங்கள் பணம் அவருக்கும், கூட வந்த காகுஷிக்கும் போகட்டும்.